மெஷின் ஆறும் வரை

மச்சான்,

என் வீட்டம்மா என் நீலச் சட்டையை மூன்று முறை துவைத்துப் பார்த்துவிட்டாள். ஒரு மூட்டை சோப்புத்தூள் தீர்ந்தது, செம்பாக்கம் ஏரியில் ஓரடி தண்ணீர் குறைந்தது, தெருவில் நான்கு வீட்டு மோட்டார் புகைந்தது. வாசனை மட்டும் போகவில்லை. கூலண்ட் வாசனை. இரும்பை வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுவாயே, அந்தப் பால் நிற எண்ணெய்த் தண்ணீர். தொட்டியில் ஒரு வாரம் நின்றால் புளித்த மோரும் நனைந்த நாயும் சேர்ந்த மாதிரி ஒரு மணம் வரும். நீ எங்கள் வீட்டுப் படியேறும் முன்பே உன் வருகையைச் சொல்லும் கட்டியங்காரன் அதுதான். இன்று அலமாரியைத் திறந்தேன், அது முதலில் வெளியே வந்தது. பின்னாலேயே நீ வருவாய் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வயது அறுபதாகப் போகிறது எனக்கு, புத்தி மட்டும் பாலர் பள்ளியில்.

இந்த மணம் உன் மெஷினைப் பார்க்க ஆள் வந்த அன்று சட்டையில் ஏறியது. அந்த நாளை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? ஊரில் மற்றவர்களிடம் நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

முதலில் நீ வாய்ப்பேச்சுக்குத்தான் மச்சான். பாலிடெக்னிக்கில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட்டோம். பிறகு என் தங்கை விமலாவைக் கட்டிக்கொண்டு பத்திரப் பதிவு செய்த மச்சானாக ஆனாய். நான் ஜி.எஸ்.டி. சாலையோரம் டிரில், கட்டர் விற்கும் கடை போட்டேன். நீ இரும்புலியூரில் ஷெட் எடுத்து மெஷின் வைத்தாய். எனக்கு வாய், உனக்குக் காது. ஆண்டவன் இரண்டு ஆளுக்கான சரக்கைக் கலக்கிப் பங்கு போடும்போது கை தவறிவிட்டது என்று உன் கல்யாணத்திலேயே மைக் பிடித்துச் சொன்னேன். நீ அதற்கும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாய்.

பழைய மெஷின் பார்க்க நாம் கிளம்பிய நாட்கள் நினைவிருக்கிறதா? பெண் பார்க்கப் போவதற்கு அதில் பாதி ஏற்பாடு போதும். நீ தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வருவாய். பையில் டார்ச், தேய்மானம் அளக்கும் டயல் கேஜ், ஒரு பழைய பனியன் துணி. என் வேலை, மெஷின் சொந்தக்காரரைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருப்பது. அவர் தாத்தாவின் ஊர், மாமனாரின் சர்க்கரை அளவு, மறைமலை நகரில் அடுத்து வரப்போகும் பாலம் என்று எதையாவது இழுப்பேன். பேச்சில் அவர் மூழ்கிக்கொண்டிருக்கும்போது நீ மெஷினிடம் போய்விடுவாய்.

உன் முதல் காரியம் எப்போதும் ஒன்றுதான். கட்டரைக் கவ்விக்கொண்டு சுழலுகிற ஸ்பிண்டில் இருக்கிறதே, மெஷினின் கழுத்து, அதன் மேல் புறங்கையை வைப்பாய். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. அது குளிர்ந்திருந்தால்தான் மேலே பேச்சு. ராத்திரி முழுக்கத் தூங்கிய ஸ்பிண்டிலைத் தட்டி எழுப்பினால்தான் அது உள்ளதைச் சொல்லும்; ஓடிச் சூடேறிவிட்டால் உள்ளே தேய்ந்த பேரிங்கூட வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாகிவிடும் என்பாய். விற்கிறவர்களுக்கும் இது தெரியும். ஆள் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஓட்டி வைத்துவிடுவார்கள்.

பல்லாவரம் பக்கம் ஒருவர், வாசலிலேயே நின்று வரவேற்றார்.

“வாங்க சார், வாங்க. முதல்ல டீ சாப்டுங்க. மெஷின் எங்க ஓடிடப் போகுது?”

“காலையில ஓடிடுச்சு போலிருக்கே,” என்றாய் நீ, கையை ஸ்பிண்டில் மேலிருந்து எடுக்காமல்.

“சும்மா ஒரு அஞ்சு நிமிஷம் சார். உங்களுக்காகத்தான்.”

“எங்களுக்காக ஆற விட்டிருக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாய். எதிரே தட்டில் ஆவி பறக்க டீ, பக்கத்தில் மைசூர்பாகு. அந்த மைசூர்பாகுக்காக நான் இன்றுவரை துக்கம் காக்கிறேன். ஸ்கூட்டரில் உன் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “ஏண்டா, தின்னுட்டாவது கிளம்பியிருக்கக் கூடாதா?” என்றேன். “சூடா இருந்தா கிளம்பிடணும் மச்சான், உக்காரவே கூடாது. உக்காந்தா நம்ப ஆரம்பிச்சுடுவோம்,” என்றாய்.

இப்படி ஊர் ஊராக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், கடைசியில் மறைமலை நகரில், மூடப்போகிற ஒரு உதிரிபாகக் கம்பெனியின் மூலையில் நின்ற, கம்ப்யூட்டரில் ஓடி இரும்பைக் குடையும் வி.எம்.சி. மெஷினின் கழுத்தில் கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். அவ்வளவுதான். எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று மட்டும் நீ டீ குடித்தாய், இரண்டு.

அதற்குப் பிறகு அதோடுதானே உன் வாழ்க்கை. விமலாகூட, “என்னைப் பாக்க வந்தப்ப இவ்ளோ நேரம் பாக்கலையே இவரு,” என்று அலுத்துக்கொள்வாள். வருஷங்கள் போகப் போக அதன் குரலும் மாறியது. காலையில் சுவிட்சைப் போட்டதும் கொஞ்ச நேரம் உறுமும். சிங்கம் என்று சொல்ல மாட்டேன், சிங்கத்துக்கு அவமானம். வண்டலூர்ச் சிங்கங்கள் பயந்து கூண்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் உறுமல். நான் கடை திறக்கப் போகும் வழியில் உன் ஷெட்டில் எட்டிப் பார்க்கும்போது அது நடந்துகொண்டிருக்கும். “பேரிங்கை மாத்தித் தொலையேண்டா,” என்பேன். “தொண்டையைச் செருமுது மச்சான். செருமட்டும். அப்புறம்தான் பேசும்,” என்பாய். கால் மணி நேரத்தில் சத்தம் தேய்ந்து தேய்ந்து சீரான முனகலாகிவிடும். நீ முதல் பீஸை ஏற்றுவாய், நான் கடைக்குப் போவேன்.

ஆவணி மாதம் ஒரு மதியம், வெட்ட வேண்டிய இரும்புத் துண்டை மெஷினில் இறுக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், மெஷினை ஆஃப் பண்ணியாச்சா, ஏர் லைனை மூடியாச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தாய். உள்ளே கொண்டுபோன பிறகு எதையும் கேட்கவில்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தமிழில் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

உன் பையன் புனேயில் வேலையில் இருக்கிறான். அவன் வந்து மெஷின் ஓட்டப்போவதில்லை, ஓட்ட வேண்டும் என்று நீயும் சொன்னதில்லை. ஷெட்டுக்காரர் பொங்கல் வரைக்கும் பொறுத்தார். அப்புறம், அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டப்போவதாகவும் மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அவ்வளவு கனமான மெஷினை எங்கே தூக்கிக்கொண்டு போவது? என் கடைக்குள் அதை வைத்தால் கடை மெஷினுக்குள் போய்விடும். பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர், பழசு என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். மிஞ்சியது பழைய இரும்பு எடுக்கிற செல்வம். அவருக்கு மெஷின் எல்லாம் எடைதான். ஷெட்டுக்குள்ளேயே கேஸ் வைத்து வெட்டி, துண்டு துண்டாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்.

செல்வத்தின் பெயரைச் சொன்னதும் விமலா, பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுத்தாள்.

“யார் வேணா எடுத்துட்டுப் போகட்டும்ணா. யாராவது ஓட்டணும். வெட்டக் கூடாது.”

“வெட்ட விடுவேனா? என் பிணத்தின் மேல்...” என்று ஆரம்பித்தேன்.

“வசனம் வேணாம்ணா. முடியுமா, முடியாதா?”

“முடியும்,” என்றேன். அவளிடம் நான் பேசியதிலேயே மிகச் சிறிய வாக்கியம் அது.

கடைசி வாரத்தில் மறைமலை நகரிலிருந்து கிரேஸ் என்று ஒரு பெண் போன் செய்தாள். ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷனில் பல வருஷம் இருந்தவள். இப்போது சொந்தமாக ஆரம்பிக்கிறாளாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பார்க்கிறேன் என்றாள். செல்வத்திடம் வெள்ளி சாயந்திரம் வரை பொறுக்கச் சொன்னேன். “சாயந்தரம் இன்னா சார், சனிக்கெழம காலையிலயே வரேன். கட்டர் செட்டு ரெடியா கீது. அதுக்கு மேல தள்ளுனா நம்மளுக்கும் பேஜாரு,” என்றார். நல்ல மனிதர்தான். அவர் தொழில் அது.

வெள்ளிக்கிழமை நான் ஏழு மணிக்கே ஷெட்டைத் திறந்தேன். பெருக்கினேன், மெஷின் டேபிளைத் துடைத்தேன், மூடியில் படிந்திருந்த தூசியைத் தட்டினேன். அப்போதெல்லாம் ஒன்றும் இல்லை மச்சான். துடைத்து முடித்துவிட்டுக் கையில் துணியோடு நின்றேன் பார், அப்போதுதான் அந்த இடம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது. அந்த ஷெட்டில் நான் நின்ற எந்தக் காலையிலும் அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. வாங்க வருகிறவள் கொண்டுபோய்விடுவாள். இல்லையென்றால் நாளை செல்வம் வெட்டிவிடுவார். எப்படியும் இதுதான் கடைசி.

சுவிட்சைப் போட்டேன். நீ காலையில் தட்டுகிற அந்தப் பட்டனைத் தட்டினேன். உறுமியது.

உன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அது செருமி முடித்துப் பேச ஆரம்பித்த பிறகும் உட்கார்ந்தே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோதுதான் பாய்ந்து போய் நிறுத்தினேன். அப்போதுகூட எனக்குப் புரியவில்லை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று. உலகத்துக்கே தெரிந்த திருட்டுத்தனத்தை, உன்னோடு ஊர் ஊராகப் போய்க் கண்டுபிடித்த திருட்டுத்தனத்தை, ஒரு துளி திருட்டு எண்ணம் இல்லாமல் செய்து முடித்திருந்தேன்.

கிரேஸுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் அவள் வீட்டுக்காரர், கையில் டார்ச்சும் பிஸ்கட் பாக்கெட்டுமாக. எனக்குத்தான் பழக்கதோஷம் இருக்கிறதே, வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். “வாம்மா, வா! மெஷினா இது? நிலாவுக்குப் போன ராக்கெட்டுல பாதி இந்த ஷெட்டுலேருந்துதான் கிளம்பிச்சு. மீதிப் பாதிக்கு இடம் போதல. முதல்ல டீ சாப்பிடுங்க...”

“டீ அப்புறம் அங்கிள்,” என்றாள். நேராக மெஷினிடம் போனாள். புறங்கையை எடுத்து ஸ்பிண்டில் மேல் வைத்தாள்.

காலையில் நான் செய்து வைத்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது மச்சான்.

அவள் கையை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள். “காலையிலேயே ஓட்டிட்டீங்களா அங்கிள்?”

“ஓட்டினேன். ஆனா நீ நினைக்கிற மாதிரி இல்லம்மா.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.”

“இது என் மச்சான் மெஷின். அவன் இல்லை இப்போ. அதோட சத்தத்தைக் கடைசியா ஒரு தடவை கேக்கணும்னு போட்டேன். அவ்வளவுதான்.”

அவள் வீட்டுக்காரர் பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினார். கிரேஸ் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “அங்கிள், ராக்கெட் கதை நல்லா இருந்துச்சு. அதுக்கு அடுத்து இதையும் நான் நம்பணுமா?” என்றாள். பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள். “வாங்க போலாம். இன்னொண்ணு பாக்கணும் நாம,” என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

வாழ்க்கை முழுக்க ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லியே சம்பாதித்த பெயர். அன்று ஒன்றை ஒன்றாகச் சொன்னேன். வாங்க ஆள் இல்லை. அவர்கள் வாசலைத் தாண்டினால் நாளை காலை செல்வம் வருவார். விமலாவிடம் போய் என்ன சொல்வேன்?

பேசினால் காரியம் கெடும் என்று என் ஆயுளில் முதல் தடவையாகப் புரிந்தது. மெயின் போர்டுக்குப் போனேன். உள்ளே கைவிட்டு வேலை செய்யும்போதெல்லாம் நீ செய்வாயே, ப்யூஸ் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாயே, யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்று. அதே மாதிரி மூன்றையும் பிடுங்கினேன். கொண்டுபோய் கிரேஸின் கையில் வைத்தேன்.

“இது இல்லாம இந்த மெஷினை எவனாலும் ஓட்ட முடியாது. உன் பையிலேயே இருக்கட்டும். இன்னொண்ணைப் பாத்துட்டு வா. அதுக்குள்ள இது ஆறிடும். நீயே போட்டுக் கேளு.”

கையிலிருந்த ப்யூஸ்களைப் பார்த்தாள். “அந்த மெஷின் பிடிச்சுப்போச்சுன்னா திரும்ப வர மாட்டேன் அங்கிள். ப்யூஸ் மட்டும் யார்கிட்டயாவது குடுத்து அனுப்பறேன்.”

“அப்படியே செய்.”

கார் போய்விட்டது. நான் உட்கார்ந்தேன். மின்விசிறி இல்லை, விளக்கு இல்லை. தகரக் கூரைக்குக் கீழே இரும்புலியூரின் மொத்த வெயிலும் என்னை விசாரிக்க வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வேக்காட்டில் இரும்பு எப்படி ஆறும் என்று வேறு பயம். அடிக்கடி எழுந்து போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். உனக்குச் சொன்னால் சிரிப்பாய். பேப்பரை மடித்து அதற்கு விசிறிகூட விட்டேன்.

மதியம் விமலா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். இருட்டில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, “என்னண்ணா, கரண்ட் இல்லையா?” என்றாள். நடந்ததைச் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். நீ போன பிறகு அவள் ஷெட்டுக்குள் வந்தது அன்றுதான். “சாப்பிடுண்ணா, வத்தக்குழம்பு,” என்றாள். பிறகு அவளும் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குப் போகவில்லை.

மூன்று மணிக்குச் செல்வம் போன் செய்தார். “இன்னா சார், பார்ட்டி வந்துச்சா?”

“வந்துட்டுப் போயிருக்கு. திரும்பி வரும்.”

“திரும்பி வர்ற பார்ட்டிய நான் கண்டதே இல்ல சார். காலைல வண்டியோட வரேன். கேட்டாண்ட எதுனா வண்டி நின்னுகினு இருந்தா எடுத்து வெச்சிருங்க.”

போனின் குரல் விமலாவுக்கும் கேட்டிருக்கும். அவள் கேரியரின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். நான் ஒரு ஜோக்கைத் தேடினேன். கிடங்கு காலி.

ஐந்து மணியைத் தாண்டி, வெயில் சாய்ந்து ஷட்டருக்குள் நீளமாக விழுந்த நேரத்தில் கார் வந்தது. கிரேஸ் இறங்கினாள், ஆளனுப்பவில்லை, அவளே வந்தாள். “அந்த மெஷினும் சூடா இருந்துச்சு,” என்றாள். அவள் வீட்டுக்காரர், “புதுப் பெயின்ட் வேற. என் சட்டையெல்லாம் பச்சை,” என்று காட்டினார். ஸ்பிண்டிலில் கை வைத்தாள். ஆறியிருந்தது. போய் ப்யூஸ்களை மாட்டினாள். விளக்கு எரிந்தது. பட்டனைத் தட்டினாள்.

உறுமியது மச்சான். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து உறுமியது. கிரேஸின் புருவம் ஏறிவிட்டது. பேரிங் கதை முழுக்க அவளுக்கு அந்த ஒரு சத்தத்தில் தெரிந்திருக்கும். முடிந்தது என்று நினைத்தேன். அதைச் சமாளிக்க என்னிடம் நூறு வசனம் இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

அப்போது விமலா பெட்டியிலிருந்து எழுந்தாள்.

“இதுதான்,” என்றாள்.

“என்ன ஆன்ட்டி?” என்றாள் கிரேஸ்.

“இந்த சத்தம்தான். தினம் காலையில ஷெட்டுக்கு வந்ததும் போன் பண்ணுவாரு. ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டிப் போறாரேன்னு எனக்கு பயம். ‘வந்துட்டேன்’னு ஒரு வார்த்தை, அவ்ளோதான், வெச்சிடுவாரு. அந்த வார்த்தைக்குப் பின்னால இது கேக்கும். இது என்ன சத்தம்னு நான் கேட்டதே இல்ல. ரோட்டுல ஏதோ லாரின்னு நெனச்சிட்டிருந்தேன்.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இது கேட்டாத்தான் எனக்கு அடுத்த வேலையே ஓடும்.”

எனக்கும் தெரியாது மச்சான். நான் ஷெட்டுக்கு வந்து சேர்வதற்குள் நீ போனைப் பாக்கெட்டில் போட்டிருப்பாய். இத்தனை வருஷம் உன் வாயாக இருந்தவன் நான். நீயாகப் பேசிய அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

உறுமல் அடங்கும் வரை மூன்று பேரும் நின்றோம். அவள் வீட்டுக்காரரும் டார்ச்சை அணைத்துவிட்டு நின்றார். சத்தம் சீரான பிறகு, “பேரிங் போயிருக்கு அங்கிள்,” என்றாள், மெதுவாக. “போயிருக்கு,” என்றேன். “அதை மாத்திக்கலாம்,” என்றாள். “டேபிளைப் பாக்கணும். அது தேஞ்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது.”

டயல் கேஜை வைத்து டேபிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டினாள். நடுவில் நிறுத்தினாள், முன்னும் பின்னும் ஆட்டினாள், முள்ளைப் பார்த்தாள். மறுபடி இடது ஓரம். மறுபடி வலது. மறுபடி முதலிலிருந்து. என் நாடித் துடிப்பு தாம்பரம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

“இதை ஓட்டினவரு என்ன பண்ணாரு?” என்றாள்.

“ஏம்மா?”

“எல்லா மெஷினும் நடுவுலதான் தேஞ்சிருக்கும். வைஸை நடுவுல மாட்டி அங்கேயேதான் எல்லாரும் வேலை பாப்பாங்க. இது ஓரம், நடு எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. தேஞ்சது கொஞ்சம்தான், அதுவும் சமமா.”

அப்போது சொன்னேன். இரும்புத் துண்டைக் கவ்வுகிற அந்தக் கனத்த வைஸை வாராவாரம் சனிக்கிழமை நீ கழற்றி, இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்று இடம் மாற்றி மாட்டுவதை. ஒவ்வொரு தடவையும் அதை நேராக உட்கார வைக்க அரை நாள் போய்விடும் என்பதை. நான் அதற்கு உற்சவர் புறப்பாடு என்று பெயர் வைத்து, சனிக்கிழமைகளில் வாயாலேயே நாதஸ்வரம் வாசித்ததை. “ஒரே இடமே எல்லாத்தையும் தாங்கக் கூடாது மச்சான். பிரிச்சுக் குடுக்கணும்,” என்று நீ நட்டை இறுக்கிக்கொண்டே சொன்னதை. மெஷினுக்குப் பிரித்துக் கொடுத்தாய். உனக்கு மட்டும் ஏனடா எல்லாவற்றையும் அந்த ஒரே இடத்தில், நெஞ்சில், ஏற்றி வைத்துக்கொண்டாய்?

அதை நான் கிரேஸிடம் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன்.

கிரேஸ் டயலைப் பனியன் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். “எடுத்துக்கறேன் அங்கிள்,” என்றாள். பிறகு விமலாவைப் பார்த்து, “நல்லா ஓட்டுவேன் ஆன்ட்டி,” என்றாள். கிளம்பும்போது வாசலில் ஒரு நொடி நின்று, “காலையில நீங்க சொன்னது...” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. “இப்ப டீ சாப்பிடலாமா அங்கிள்?” என்றாள். அவள் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்தது. மனிதர் காலையிலிருந்து அந்த வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தார்.

செல்வத்துக்கு நானே போன் செய்து சொன்னேன். “அட, திரும்பி வந்துச்சா சார்? அதிசயந்தான். ஓடட்டும், ஓடட்டும்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிரேன் வந்து தூக்கியது. சந்து திரும்பும்போது உன் மெஷின் ஒரு மாமரக் கிளையை உரசி, இலைகளைத் தலையில் போட்டுக்கொண்டு போனது. பட்டத்து யானை தோற்றது என்று விமலாவிடம் சொன்னேன். சிரித்தாள். நான் சொன்னதற்கு அவள் சிரித்தது பல மாதத்துக்குப் பிறகு. மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் புதுசாக, சிமென்ட் நிறம் மாறாமல் இருந்தது. அதில் ஈரமாக எண்ணெய் அச்சு. நான் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய் ஷட்டரை இறக்கினேன்.

போன வாரம் கிரேஸ் கூப்பிட்டாள். “பேரிங் மாத்தியாச்சு அங்கிள். இப்ப காலையிலகூட சத்தமே இல்ல. ஒரு நாள் வந்து பாருங்க.” சந்தோஷம்மா, வரேன் என்றேன். இன்னும் போகவில்லை. போவேன். செருமாத அதைப் பார்க்க எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும்.

மச்சான், மெஷின் போன மறுநாள், திங்கட்கிழமை, கடை ஷட்டரைத் தூக்கியதும் விமலாவுக்குப் போன் போட்டேன். நிறையச் சொல்லத்தான் நினைத்தேன். அவள் குரல் கேட்டதும், “வந்துட்டேன்,” என்று மட்டும்தான் வந்தது. எதிர்முனையில் அவள் மூச்சு. என் பின்னால் செங்கல்பட்டு பஸ் ஒன்று ஹாரனைக் கிழித்துக்கொண்டு போனது. “சரிண்ணா,” என்றாள், வைத்துவிட்டாள். அடுத்த நாளும் போட்டேன். அதற்கு அடுத்த நாளும். வேறெதுவும் பேசுவதில்லை. பேசாமல் இருக்க முடிகிறது என்னால்; நீ நம்ப மாட்டாய்.

இன்று அலமாரியைத் திறந்து இந்தச் சட்டையோடு நின்றுவிட்டேனா, கடைக்குப் போகத் தாமதம். பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கும்போதே போன் அடித்தது.

“இன்னும் கடை தொறக்கலையாண்ணா?”

“தொறந்துட்டேன்மா, வந்துட்டேன்,” என்றேன். ஷட்டர் பாதியில் நின்றது. போனைக் காதிலிருந்து எடுத்து, அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று, லாரிகள் உறுமிப் போகும் சாலைப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.